கேள்வி - பதில்: வீட்டுக் கணினியில் ஃபீட் ரீடர்

மண்டபம் வாசகர்: ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில், பல தளங்களின் புதுச் செய்திகளை ஒரே இடத்தில் திரட்டும் மினிஃப்ளக்ஸ் என்ற ஃபீட் ரீடரைப் போட்டிருக்கிறேன். கரன்ட் போனாலும் இன்வெர்ட்டரில் பை ஓடுகிறது. நெட்தான் அரை நாள் போய்விடுகிறது. நெட் வந்த பிறகும் ஃபீட் (ஒரு தளம் வெளியிடும் செய்திப் பட்டியல்) எதிலும் புதுச் செய்தி இல்லை. அழித்துவிட்டு மறுபடி போட வேண்டுமா?

அழிக்காதீர்கள், எதுவும் கெடவில்லை. பை அணையாமல் ஓடியதுதான் இங்கே வினை. மாற்றாமல் விட்டால் மினிஃப்ளக்ஸ் 60 நிமிடத்துக்கு ஒருமுறை ஃபீட்களைப் பார்க்கும். ஒரு ஃபீட் அடுத்தடுத்து 3 முறை பிழை தந்தால் அதைத் தானாகப் பார்ப்பதை நிறுத்திவிடும். போனது அந்தத் தளமா, உங்கள் லைனா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அரை நாளில் அத்தனை ஃபீடும் நின்றிருக்கும்.

இப்போதைக்கு, பிழைக் குறியோடு நிற்கும் ஃபீடை ஒவ்வொன்றாகத் திறந்து 'புதுப்பி' கொடுங்கள். ஒருமுறை ஒழுங்காக வந்துவிட்டால் பிழைக் கணக்கு பூஜ்யமாகிவிடும். இனிமேல் நிற்காமலிருக்க, மினிஃப்ளக்ஸ் அமைப்பில் 'போலிங் பார்சிங் எரர் லிமிட்' என்ற மாறியை 0 ஆக்குங்கள் (ஆங்கிலப் பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு). டாக்கரில் (நிரலைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓட்டினால் வெறும் ரீஸ்டார்ட் போதாது. கண்டெய்னரை நீக்கி மறுபடி உருவாக்கினால்தான் புது மதிப்பு ஏறும். அதற்கு முன் போஸ்ட்கிரெஸ் (மினிஃப்ளக்ஸின் தரவுத்தளம்) தரவு, கண்டெய்னருக்கு வெளியே சேமிக்கும் தனி வால்யூமில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும். 0 வைத்தால் மூடிப்போன தளங்களையும் சளைக்காமல் தட்டிக்கொண்டிருக்கும். அவற்றை அவ்வப்போது நீங்களே களையுங்கள்.

ராமேஸ்வரம் வாசகர்: பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் ஃபீடில் உடனே தெரியுமா?

நம்பாதீர்கள். செய்தித்தளம் எழுதி, உங்கள் ரீடர் அடுத்த சுற்றில் எடுக்கும்வரை ஒரு மணி நேரம்கூட ஆகலாம். படகு எடுக்கும் முன் மீன்வளத் துறை டோக்கன் கொடுக்கும் இடத்தில் கேளுங்கள்.

கீழக்கரை வாசகி: வீட்டில் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் என்ற ஃபீட் ரீடர் ஓடுகிறது. ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்தும் வெளியூரில் போனில் வரவில்லை.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபியை (இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தரும் முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். போர்ட் திறந்து பயனில்லை. சர்வரிலும் போனிலும் டெயில்ஸ்கேல் (உங்கள் கருவிகளைத் தனி வலையாக இணைக்கும் செயலி) போட்டு ஒரே கணக்கில் நுழையுங்கள். போன் செயலியில் படிக்க, ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் நிர்வாகத்தில் அங்கீகாரப் பகுதிக்குப் போய் ஏபிஐ (வேறு செயலிகள் இணையும் வழி) அணுகலை அனுமதியுங்கள். பிறகு சுயவிவரப் பக்கத்தில் ஏபிஐ கடவுச்சொல் தனியாக வையுங்கள். வழக்கமாக உள்ளே நுழையும் கடவுச்சொல்லைச் செயலியில் கொடுத்தால் ஏற்காது.