தகரச் சத்தம் தரும் ஹம்பக்கர்

வணக்கம். என் ஸ்ட்ராட் வகை கிதாரில் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் பாலம்) பக்கம் இருந்த, ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) எடுத்துவிட்டு, டிமார்ஸியோ கம்பெனியின் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் ஒன்றைப் போட்டேன். கையிலிருந்த, செய்மூர் டங்கன் என்ற வேறொரு பிக்கப் கம்பெனியின் ஒயரிங் வரைபடத்தை வைத்து, நிறத்துக்கு நிறம் பார்த்துத்தான் சால்டர் செய்தேன். மல்டிமீட்டரில் மின்தடை எட்டு கிலோ ஓம் காட்டுகிறது. ஆனால் பேஸே இல்லாமல், தகரத்தைத் தட்டுவது போல வருகிறது. ஹம்மும் (மின்சார இரைச்சல்) முன்பைவிட அதிகம். பிக்கப் போலியா? திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

கே.

அன்புள்ள கே.,

திருப்பிக் கொடுக்க வேண்டாம், பிக்கப் நன்றாகத்தான் இருக்கிறது. சத்தம் மெலிந்தது, ஹம் கூடியது என்று இரண்டையும் எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது.

கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்புதான் ஹம்பக்கர். உள்ளே இரண்டு சுருள்கள். ஒன்றில் காந்தத்தின் வடமுனை, மற்றதில் தென்முனை. சுருள்களை எதிரெதிராக இணைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வரும் ஹம்முக்குக் காந்தம் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். எதிரெதிராக வந்து அடிபட்டுப் போகும். கம்பியின் அதிர்வோ காந்தத்தால் ஒருமுறை திரும்பி, இணைப்பால் மறுமுறை திரும்பி, ஒரே திசைக்கு வந்து கூடிவிடும். அழகான யோசனை! ஒரு சுருளை மட்டும் தலைகீழாக இணைத்தால் கணக்கும் தலைகீழ்: இசை கழியும், ஹம் கூடும்.

மீட்டர் சரியாகக் காட்டியதில் ஆச்சரியமில்லை. சுருளை எப்படித் திருப்பி இணைத்தாலும் மின்தடை மாறாது.

இரண்டு கம்பெனியின் ஒயர்களுக்கும் அதே நான்கு நிறங்கள்தான், வேலைதான் வேறு. டங்கனில் கறுப்பு சிக்னல், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும். டிமார்ஸியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் சேரும். பச்சை இரண்டிலும் கிரவுண்ட். அது ஒத்துப்போவதால்தான் மற்றவையும் சரி என்று தோன்றிவிடுகிறது. சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றுங்கள், கறுப்பு வெள்ளை முடிச்சுக்கு மின்சாரம் கடத்தாத ஸ்லீவ் (உறை) போடுங்கள், போதும்.

அப்புறம், வால்யூம் கண்ட்ரோலைப் பாருங்கள். ஸ்ட்ராட்டில் வழக்கமாக 250 கிலோ ஓம் இருக்கும். அதில் ஹம்பக்கரின் மேல்ஸ்தாயி மழுங்கும். நான் 500 போடுவேன். மற்ற இரண்டு சிங்கிள் காயிலும் அப்போது கூச்சலிடும் என்பதால், ஸ்விட்சில் அவை வந்து சேரும் முனைகளிலிருந்து கிரவுண்டுக்குத் தலா ஒரு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர். தனித்தனியாக வாசிக்கும்போது அவற்றுக்குத் தெரிவது ஏறக்குறைய 242. கண்ட்ரோலின் முதுகில் கிரவுண்ட் ஒயரைச் சால்டர் செய்யும் முன் உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள், இல்லையென்றால் ஈயம் உருண்டு நிற்கும், ஒட்டாது.

கடைசியாக, பிரிட்ஜும் நடு பிக்கப்பும் சேரும் இடத்தில் வாசித்துப் பாருங்கள். தனித்தனியே நன்றாக இருந்து, சேர்ந்தால் மட்டும் மெலிந்தால், ஹம்பக்கரின் சிவப்பையும் பச்சையையும் மாற்றிவிடுங்கள். உறையில்லாத ஒயர் மட்டும் கிரவுண்டிலேயே இருக்கட்டும். அது அடித்தகட்டோடு சேர்ந்தது. சிக்னல் பக்கம் போனால் தகட்டில் விரல் பட்டாலே இரையும்.