கிரீன் பேங்க் செல்வோர் எந்தக் கவுண்டியில் தங்கலாம்?

கேள்வி: வாஷிங்டனிலிருந்து காரில் கிளம்பி, மேற்கு வர்ஜீனியாவின் போகஹோன்டாஸ் கவுண்டியில் உள்ள கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கப் போகிறோம். வயதான அம்மாவும் உடன் வருகிறார். பக்கத்துக் கவுண்டிகளில் எங்கே இரண்டு இரவு தங்குவது வசதி?

பதில்: கவுண்டி என்பது அமெரிக்க மாநிலத்தின் நிர்வாகப் பிரிவு; ஆனால் நம் ஊர் மாவட்டத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஏறத்தாழ 940 சதுர மைல் பரப்புள்ள போகஹோன்டாஸில், 2020 கணக்கெடுப்பின்படி 8,000-க்கும் குறைவானவர்களே வசிக்கிறார்கள். அங்கே அலெகனி மலைத்தொடர்கள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக, உழவு சால்களைப் போல அடுத்தடுத்துக் கிடக்கின்றன. பள்ளத்தாக்கை ஒட்டிச் செல்லும் சாலைகள் எளியவை. மலையைக் குறுக்கே கடப்பவையோ வளைந்து வளைந்து ஏறி இறங்குபவை. எனவே வரைபடத்தின் மைல் கணக்கை விட, நீங்கள் வரும் திசையைப் பார்த்து முடிவு செய்வதே சரி.

கிழக்கிலிருந்து வரும் உங்களுக்கு எல்லையை ஒட்டிய வர்ஜீனியாவின் ஹைலண்ட் கவுண்டியே பொருந்தும். வர்ஜீனியாவின் ஸ்டான்டன் நகரிலிருந்து 250-ஆம் எண் சாலையில் மேற்கே வந்தால் அதன் தலைமையிடமான மான்டரே வரும். அங்கே இரவு தங்கி, காலையில் மாநில எல்லையான அலெகனி மலையைத் தாண்டினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கிரீன் பேங்க். அம்மாவுக்கு வளைவுகளில் தலைசுற்றும் என்றால், ஸ்டான்டன்–மான்டரே பகுதியைப் பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள். மேய்ச்சல் நிலங்கள் நிறைந்த ஹைலண்டில் மொத்த மக்களே 2,200 பேர்தான். மார்ச் மாத மேப்பிள் விழாவின்போது அறை கிடைப்பது கடினம். அருகிலுள்ள ஹைடவுனில் ஒரு மாட்டுத் தொழுவத்தைக் காட்டி, அதன் கூரையின் ஒரு பக்கம் விழும் மழை ஜேம்ஸ் ஆற்றுக்கும் மறுபக்கம் விழுவது பொட்டோமாக் ஆற்றுக்கும் போகிறது என்பார்கள்.

இரண்டாம் இரவுக்குத் தெற்கே பாத் கவுண்டிக்கு இறங்கலாம். 'குளியல்' என்று பொருள்படும் பெயருக்கேற்ப வெந்நீர் ஊற்றுகளின் நாடு அது. 1818-இல் தாமஸ் ஜெஃபர்சன் சில வாரங்கள் தங்கி நீராடிய வார்ம் ஸ்பிரிங்ஸ் அங்கேதான் இருக்கிறது.

தெற்கே கிரீன்பிரையர் கவுண்டியின் லூயிஸ்பர்க் வசதியான ஊர், ஆனால் 64-ஆம் எண் நெடுஞ்சாலையில் வருவோருக்கே ஏற்றது. வடக்கே ராண்டால்ஃப் கவுண்டியின் எல்கின்ஸ் நகரும் உங்களுக்குச் சுற்று. மேற்கே வெப்ஸ்டர் கவுண்டி பெரும்பாலும் காடு. இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடலாம்.

இந்தப் பகுதி 1958-இல் வரையறுக்கப்பட்ட, சுமார் 13,000 சதுர மைல் பரந்த ரேடியோ அமைதி மண்டலத்துக்குள், அதாவது தொலைநோக்கிக்காக ரேடியோ ஒலிபரப்புகளைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குள் வருகிறது. கைபேசி சிக்னலை நம்பாமல், வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பெட்ரோலை ஸ்டான்டனிலேயே நிரப்பிவிடுங்கள். தொலைநோக்கியின் 100 மீட்டர் அகலத் தட்டின் அருகே பெட்ரோல் காருக்கு அனுமதி இல்லை, ஸ்பார்க் பிளக்கின் சிறு பொறிகூட ரேடியோ இரைச்சலாகப் பதிவாகிவிடும் என்பதால். அங்கே ஓடுவன டீசல் வண்டிகளே. அம்மாவை நடக்க வைக்காமல், வழிகாட்டியோடு செல்லும் பேருந்துச் சுற்றிலேயே அழைத்துச் செல்லுங்கள்.