அம்மாவிடம் சொல்லுங்கள், இது சுடுகிற வேலை இல்லை

கேள்வி: ஐயா, எங்களுக்குச் சேலம் சிவதாபுரம். எனக்கு வயது 26. இ.சி.இ. முடித்துவிட்டு மூன்று வருடமாக ஒரு தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். ராணுவத்துக்கு ட்ரோன் எதிர்ப்புக் கருவி செய்கிற ஒரு பெங்களூர் கம்பெனியில் ‘புரோகிராம் அனலிஸ்ட்’ வேலை கிடைத்திருக்கிறது. அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். “கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிற வேலைதானே, அதை இங்கேயே பார்க்கலாமே” என்கிறார். “சண்டை வந்தால் உன்னை பார்டருக்கு அனுப்பிவிடுவார்கள்” என்று அம்மா அழுகிறார். பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன வேலை என்று சொல்வது என்ற கவலை வேறு. உண்மையைச் சொன்னால் எனக்கே அது என்ன வேலை என்று சரியாகப் புரியவில்லை. நான்கு முறை இண்டர்வியூ நடந்தது. கோடிங் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ‘ஒரு சப்ளையர் ஆறு வாரம் தாமதம் செய்தால் என்ன செய்வீர்கள்’ என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். போகலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: உங்கள் வீட்டில் இரண்டு பேருமே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அம்மாவின் தப்பு சின்னது, பாசத்தில் வந்தது. அப்பாவின் தப்புதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. இந்த வேலை என்னவென்று உங்கள் வீட்டில் நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

பட்டறையில் அவர் வைத்திருக்கும் நோட்டை எடுத்துப் பாருங்கள். கம்பி இழுக்க எத்தனை கிலோ வெள்ளி போனது, சங்கிலி பின்னுகிற வீட்டுக்கு எவ்வளவு போனது, பற்றவைத்துத் திரும்பி வந்தபோது எடை என்ன, சேதாரம் என்ன, மெருகுக்கு எப்போது போகும், கடைக்காரர் கேட்ட தேதி எது. ஒரு கொலுசு பல கை மாறி வருகிறது. ஒவ்வொரு கையும் அதனதன் வேலையை மட்டும்தான் பார்க்கும். தீபாவளிக்குள் சரக்கு வருமா, வெள்ளி எங்கே தங்கிவிட்டது, யார் சொன்ன தேதியை நம்பலாம் என்று மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிறவர் நோட்டுக்காரர் ஒருவர்தான். புரோகிராம் அனலிஸ்ட் என்பவர் அந்த நோட்டுக்காரர். இங்கே வெள்ளி, அங்கே ரேடார், ஜாமர், கேமரா.

ராணுவத்தில் புரோகிராம் என்றால் கோடிங் இல்லை. ‘எங்களுக்கு இப்படி ஒரு கருவி வேண்டும்’ என்று எழுதிக் கேட்பதில் தொடங்கி, பணம் ஒதுக்கி, டெண்டர் விட்டு, ட்ரயல் பார்த்து, ஒப்பந்தம் போட்டு, கருவி வந்து, அதை இயக்க ஆட்களைப் பழக்கி, பத்து வருடம் கழித்து ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கிறதா என்று பார்ப்பது வரைக்கும் உள்ள நீண்ட காரியம் முழுவதற்கும் அதுதான் பெயர். இதற்கென்று பாதுகாப்பு அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட கொள்முதல் நடைமுறை என்ற தடித்த புத்தகம் இருக்கிறது. பின்னால் வந்த திருத்தங்களோடு சேர்த்துப் படியுங்கள். தூக்கம் வரும், பரவாயில்லை. அதில் ‘இது தேவைதான்’ என்று அரசு ஏற்றுக்கொள்கிற ஒரு படி வருகிறது. ஆபீசில் எல்லோரும் ஏ.ஓ.என். என்பார்கள். அது கிடைக்காத திட்டம், ஜாதகம் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டுப் போன மாப்பிள்ளை வீடு மாதிரி. பேச்சு இருக்கும், தேதி இருக்காது.

ட்ரோனுக்கு வருவோம். 2021 ஜூன் 27 அதிகாலையில் ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் மூலம் இரண்டு குண்டுகள் போடப்பட்டன. இரண்டு பேருக்கு லேசான காயம், ஒரு கட்டடத்தின் கூரை சேதம். கணக்கில் பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் கடையில் கிடைக்கிற மாதிரியான ஒரு பொருள் விமானப்படைத் தளத்துக்குள் நுழைந்துவிட்டது என்பது சின்ன விஷயம் இல்லை. ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. முன்பே ஒரு ட்ரோன் எதிர்ப்புக் கருவியை உருவாக்கி வைத்திருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31-இல் கடற்படை அதற்காக அரசு நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸோடு ஒப்பந்தம் போட்டது.

2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த மோதல் உங்களுக்கே நினைவிருக்கும். மே 8 இரவில் லே முதல் சர் கிரீக் வரை 36 இடங்களில் 300-லிருந்து 400 ட்ரோன்கள் வந்ததாக நம் தரப்பில் அறிவித்தார்கள். அவற்றை வீழ்த்தியதில் எல்-70 பீரங்கிக்கும் பங்கு உண்டு. அது 1960-களில் ஸ்வீடனிலிருந்து வந்த பீரங்கி. உங்கள் அப்பாவைவிட வயது அதிகம் இருக்கலாம். அதற்குப் புது கேமராவும் குறிபார்க்கிற கருவியும் பொருத்தி வைத்திருந்தார்கள். செய்தியைப் பார்த்தவர்கள் பீரங்கியைப் பார்த்தார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது. பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் கண்ணை மட்டும் மாற்றினால் போதும், இவ்வளவு செலவாகும், இத்தனை வருடம் உழைக்கும் என்று எப்போதோ யாரோ ஒரு தாளில் கணக்கு எழுதியிருக்கிறார். அவரைப் போன்றவரின் நாற்காலியில்தான் உங்களை உட்காரச் சொல்கிறார்கள்.

இந்தத் துறையில் கணக்கு ஏன் கஷ்டம் என்றால், ட்ரோன் மலிவு, அதை அடிக்கிற ஏவுகணை விலை அதிகம். நூறு ட்ரோன் வந்தால் நூறு ஏவுகணை விட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் லேசர், சின்னச் சின்ன ராக்கெட் என்று வேறு வழிகளைத் தேடுகிறார்கள். 2025 ஏப்ரல் 13 அன்று கர்னூலில் 30 கிலோவாட் லேசரை டி.ஆர்.டி.ஓ. சோதித்துக் காட்டியது. மே 13 அன்று கோபால்பூரில் பார்கவாஸ்திரா என்கிற குட்டி ராக்கெட் அமைப்பைச் சோதித்தார்கள். அடிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும், அதுவும் லேசு இல்லை. ரேடாரில் சின்ன ட்ரோனும் பருந்தும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும். 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் பறக்கிறது என்று சொல்லி சுமார் 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டன, 1,40,000 பயணிகள் தவித்தார்கள். விட்டவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. இல்லாத ட்ரோனை இருக்கிறது என்று கத்துகிற கருவியும் ஆபத்துதான். நாலு முறை சும்மா கத்தினால் ஐந்தாவது முறை காவலுக்கு இருப்பவர் எழுந்து பார்க்க மாட்டார்.

ஏற்காட்டில் என் நண்பருக்கு ஒரு காப்பித் தோட்டம், ஊடே ஆரஞ்சு. குரங்குத் தொல்லைக்கு வெடி போட்டுப் பார்த்தார். முதல் வாரம் எல்லாம் ஓடிப்போயின. இரண்டாவது வாரம் அடுத்த மரத்துக்கு மாறி உட்கார்ந்தன. மூன்றாவது வாரம், வெடி வெடிக்கிறவர் எப்போது சாப்பிடப் போகிறார் என்று பார்த்து வைத்துக்கொண்டு வந்தன. நண்பர் அதற்குள் ஒரு வருடத்துக்கான வெடியை மொத்த விலையில் வாங்கி அடுக்கியிருந்தார்.

ஜாமர் கதையும் இதுதான். ட்ரோனுக்கும் அதை ஓட்டுகிறவருக்கும் நடுவில் உள்ள ரேடியோத் தொடர்பை ஜாமர் கெடுக்கும். நல்ல கருவிதான். ஆனால் உக்ரைன் போரில் இரண்டு தரப்பும் மெல்லிய ஃபைபர் இழையைப் பின்னால் விட்டுக்கொண்டே போகிற ட்ரோன்களைக் கொண்டுவந்துவிட்டன. கட்டளை அந்த இழை வழியாகவே போகும், அதில் கெடுப்பதற்கு ரேடியோவே இல்லை. ரேடியோவை ஒட்டுக்கேட்டு ட்ரோனைக் கண்டுபிடிக்கிற சென்சாருக்கும் அங்கே வேலை இல்லை. இப்போது யோசியுங்கள். தேவையை எழுதியது ஒரு வருடம், ட்ரயல் நடந்தது இன்னொரு வருடம், கருவி வந்து சேர்வது மூன்றாவது வருடம். அதற்குள் குரங்கு பழகிவிட்டால்? ‘நாம் எழுதிய தேவை இப்போதும் சரிதானா’ என்று ரிவ்யூ மீட்டிங்கில் எழுந்து கேட்கிற ஆள் ஒருவர் வேண்டும். யாருக்கும் பிடிக்காத கேள்வி அது.

அப்பாவின் நோட்டுக்கும் உங்கள் நோட்டுக்கும் வித்தியாசம் இங்கேதான் வருகிறது. சேதாரம் அதிகமானால் அவருக்குக் கைக்காசு போகும். அதனால் அவர் யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்க மாட்டார், டச் (வெள்ளியின் தரம்) பார்க்காமல் ஒரு கட்டி வெள்ளிகூட வாங்க மாட்டார். உங்களுக்குக் கைக்காசு போகாது. மேலே இருப்பவர்கள் நல்ல செய்தியை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நழுவுவது சுலபம்.

நான் நழுவியிருக்கிறேன். முப்பது வருடம் கொள்முதல் பிரிவில் இருந்தவன். ட்ரோனெல்லாம் வராத காலம். ஒரு காவல் கேமராவின் ட்ரயல் அறிக்கை என் மேசைக்கு வந்தது. பத்துக்கு ஒன்பது முறை பிடித்தது என்று போட்டிருந்தது. தவறியது எது என்று கேட்டேன். சாயங்காலம், மேற்குப் பக்கம், சூரியன் நேராகக் கேமராவின் கண்ணில் அடித்தபோது தவறியதாம். “ஒன்றுதானே சார்” என்றார்கள். ஒன்றுதான். ஆனால் தினமும் சாயங்காலம் வருமே! எனக்கு அது தோன்றியது, கேட்கவில்லை. வருடக் கடைசி, பணம் திரும்பிப் போய்விடும் என்ற அவசரம். கையெழுத்துப் போட்டேன். கருவி போய்ச் சேர்ந்த இடத்தில் வாசல் மேற்குப் பார்த்தது. திருத்திக் கொடுப்பதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம்.

‘வேலை செய்யவில்லை’ என்ற இரண்டு சொல்லை எழுதிக் கீழே கையெழுத்துப் போட உங்களால் முடியுமா? இப்போதைய ஆபீசில் அப்படி ஒரு தடவையாவது செய்திருந்தால் தைரியமாகப் போங்கள். எக்ஸெல், பி.பி.டி. எல்லாம் மூன்று மாதத்தில் வந்துவிடும்.

இணையத்தில் இந்த வேலையைத் தேடினால் அமெரிக்க விளம்பரங்களாக வந்து கொட்டும், குழம்பாதீர்கள். அங்கே இது சீருடை இல்லாத அரசு வேலையாகவே உண்டு. சின்ன ட்ரோன்களைச் சமாளிப்பதற்கென்று 2020-இல் முப்படைக்கும் பொதுவாக ஒரு அலுவலகமே திறந்தார்கள். அவர்களுடைய சம்பளப் பட்டியலும் அனுமதி முறையும் நமக்குப் பொருந்தாது.

அம்மாவிடம் சொல்லுங்கள், கம்பெனி ஊழியரை யாரும் போர்முனைக்கு அனுப்புவதில்லை. ட்ரயல் நடக்கும்போது ராஜஸ்தான் வெயிலில் சில வாரம் நிற்க வேண்டி வரலாம். சேலத்து வெயிலில் வளர்ந்தவருக்கு அதைப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கும் ஒரு வார்த்தை: தமிழ்நாட்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று, 2019-இல் தொடங்கிவைத்தார்கள். அவர் சொல்கிறபடி இங்கேயே பார்க்கிற நாளும் வரலாம். அதற்காக இப்போதிருந்தே காத்திருக்க வேண்டாம். பெங்களூர் 200 கிலோமீட்டர்தான், வெள்ளிக்கிழமை ரயில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு ‘ராணுவக் கருவிகள் செய்கிற கம்பெனியில் திட்டக் கணக்கு பார்க்கிறேன்’ என்றால் போதும், அது பொய்யும் இல்லை. அதற்கு மேல் வீட்டிலும் சொல்லாதீர்கள். 1923-ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. எந்தக் கருவி, எந்த ஊர், எந்தத் தேதி என்பது சித்தப்பாவின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகக் கூடாது. ட்ரயலுக்குப் போன இடத்தில் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும் வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகும் இதே கதைதான், வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் பாண்ட் எத்தனை வருடம் என்று படியுங்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். அப்புறம் முக்கியமாக ஒன்று கேளுங்கள்: உங்களை எடுக்கிற திட்டம் எந்தப் படியில் இருக்கிறது? ஒப்பந்தம் கையில் இருக்கிறது என்றால் யோசிக்காமல் போங்கள். ஏ.ஓ.என். வரை வந்திருக்கிறது என்றால் போகலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். ‘நோ காஸ்ட் நோ கமிட்மென்ட்’ ட்ரயல் ஒன்றை மட்டும் நம்பி ஆள் எடுக்கிறார்கள் என்றால், செலவு முழுக்கக் கம்பெனியுடையது, வாங்குவோம் என்று ராணுவம் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அப்படி இருந்தால், கையில் எத்தனை மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் இப்போதைய வேலையை விடாதீர்கள்.