பற்றுச்சீட்டு யார் பெயரில் வந்தது?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. புக்கிட் மேராவில் ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். உணவங்காடி நிலையத்தில் அரைநாள் மேசை துடைக்கும் வேலை. என் பழைய போனைக் கொடுத்து எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்துவிட்டேன். அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். கேட்டால் "எனக்கெதுக்கு இதெல்லாம்" என்கிறார். அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் அவருடைய சிங்பாஸ் கணக்கின் ஓடிபி என் எண்ணுக்குத்தான் வருகிறது. அரசாங்கம் தரும் பற்றுச்சீட்டையும் (வவுச்சர்) நானே எடுத்து, எங்கள் வீட்டுச் சாமானோடு சேர்த்து அவருக்கும் வாங்கிப் போட்டுவிடுகிறேன். இந்தப் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது? - செங்காங் வாசகி

பதில்: பிடிவாதம் இருக்கட்டும். 'எங்கள் வீட்டுச் சாமானோடு சேர்த்து' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

2025 ஜூலையில், 60 வயதான, அதைத் தாண்டிய சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் சிங்கப்பூரின் 60ஆம் ஆண்டையொட்டி 800 வெள்ளிக்கு எஸ்ஜி60 பற்றுச்சீட்டு வந்தது. வீட்டுக்கு இவ்வளவு என்றல்ல, ஆளுக்கு. உங்கள் அம்மா பெயரிலும் வந்திருக்கும். அதில் மிச்சம் எவ்வளவு என்று அவரைக் கேட்டால் சொல்வாரா? அவருக்கு எப்படித் தெரியும், எல்லாம் உங்கள் போனில் அல்லவா இருக்கிறது! நீங்கள் கொண்டுவந்து இறக்கிய அரிசியும் எண்ணெயும் யார் காசு என்று பெற்ற மகளிடம் கேட்க எந்தத் தாய்க்கு வாய் வரும்?

உங்களுக்குத் திருட்டுப் பட்டம் கட்டவில்லை. நல்ல மனதோடுதான் செய்திருப்பீர்கள். இப்படி நல்ல மனதோடு பெற்றவர் பணத்தைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளிடமிருந்து எனக்கு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு ஓடிபி பிள்ளை எண்ணுக்கு வருவது பெரிய உதவி. இந்த வயதிலும் மேசை துடைத்துச் சம்பாதிக்கும் ஒருவர், தன் பணத்தில் ஒரு கோப்பி குடிக்க மகளின் தயவை எதிர்பார்க்க வேண்டுமா? உழைத்துப் பிழைக்கும் பெற்றோரைக் கையேந்த வைப்பது பாவம் என்று நினைப்பவள் நான்.

போனை அவர் பூட்டி வைக்காமல் என்ன செய்வார்? அதில் அவருக்கென்று என்ன இருக்கிறது? டேட்டாவாவது போட்டீர்களா? அதையும் நீங்கள் எழுதவில்லை.

பற்றுச்சீட்டு இணைப்பை அவர் போனுக்கு அனுப்புங்கள். அவருக்குப் பிடித்த அங்காடிக் கடையில் அவரோடு போய் வரிசையில் நில்லுங்கள். 2, 5, 10 வெள்ளி என்று திரையில் வரும். எது வேண்டுமோ அதை அவர் விரல்தான் தொட வேண்டும், உங்கள் விரல் பக்கத்திலேயே போகக்கூடாது. கியூஆரைக் கடைக்காரர் ஸ்கேன் செய்துகொள்வார். தடுமாறுவார்தான். பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டினால் கொட்டட்டும். பணம் போவது கண்ணெதிரே தெரிந்தால் அம்மா மறக்க மாட்டார்.

டேட்டா செலவுக்கு யோசித்தால் சமூக மன்றத்திலோ நூலகத்திலோ இருக்கும் மின்னிலக்கத் தூதர்களைக் கேளுங்கள். வருமானம் குறைந்த மூத்தோருக்குச் சலுகை விலையில் போனும் டேட்டாவும் தரும் திட்டம் 2020இல் தொடங்கியது. அம்மாவுக்குக் கிடைக்குமா என்று சொல்வார்கள். பாடமும் அவர்களே நடத்தட்டும், உங்களைவிடப் பொறுமைசாலிகள். மோசடிக்காரர்களை நினைத்து அம்மா பயந்தால் மோசடி குறித்துக் கேட்க உதவும் 1799 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். உங்கள் வீட்டுக்குப் போனதை ரொக்கமாக அம்மா கையில் கொடுங்கள்.