தபால் ஆபீஸ் பணமும் ரேஷன் அரிசியும்

கேள்வி: இந்திய உணவுக் கழகத்துக்குப் பட்ஜெட்டில் மானியமாகத் தராமல், சில வருஷம் சிறுசேமிப்பு நிதியிலிருந்து மத்திய அரசு கடன் கொடுத்ததாமே? பற்றாக்குறை குறைந்தால் நல்லதுதானே? தபால் ஆபீசில் நாங்கள் போட்ட பணத்துக்கு ஆபத்து உண்டா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் பணத்துக்கு ஆபத்தில்லை, அதற்கு மத்திய அரசே பொறுப்பு. பற்றாக்குறை குறைந்தது என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறைத்துக் காட்டினார்கள்.

ஒரு கிலோ அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் கொள்முதல், அரவை, சாக்கு, ரயில் கூலி, கிட்டங்கி எல்லாம் சேர்த்து 2019-20இல் கழகத்துக்கு 35 ரூபாய்க்கு மேல் அடக்கமானது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாநிலங்களுக்கு அதை 3 ரூபாய்க்குக் கொடுத்தது. (அந்த 3 ரூபாயையும் தமிழக அரசு ஏற்றுக்கொண்டதால்தான் பேட்டையிலும் முக்கூடலிலும் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைத்தது.) துண்டு விழும் 30 ரூபாய்ச் சொச்சத்தை மத்திய அரசுதான் மானியமாகத் தந்தாக வேண்டும்.

2016-17 முதல் அதில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, சிறுசேமிப்பு நிதியில் கடன் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். 2019-20இல் உணவு மானியத்துக்கு ஒதுக்கியது 1.84 லட்சம் கோடி ரூபாய்; கடைசியில் கொடுத்தது சுமார் 1.09 லட்சம் கோடி. லாரி ஓடியது, அரிசி வந்தது. செலவு மட்டும் அரசின் ஏட்டிலிருந்து கழகத்தின் ஏட்டுக்குப் போய்விட்டது.

பீடி சுற்றும் ஒரு தாய் மகள் பேரில் செல்வமகள் கணக்கில் கட்டுகிற பணமும் சேர்ந்ததுதான் அந்த நிதி. அவளுக்கு வட்டி கொடுக்க வேண்டும்; ஆகவே கழகமும் வட்டி கட்டியது. அந்த வட்டியும் சுற்றிவந்து மானியக் கணக்கிலேயே ஏறியது. அன்றே ரொக்கமாகக் கொடுத்திருந்தால் வட்டி ஏது? 2020 மார்ச் இறுதியில் கழகத்தின் கடன் நிலுவை 2.54 லட்சம் கோடி.

2021 பிப்ரவரி பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் இந்த ஏற்பாட்டை நிறுத்தினார். சரியான காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். 2020-21க்கு 1.15 லட்சம் கோடி என்று போட்ட உணவு மானியம் திருத்திய மதிப்பீட்டில் 4.22 லட்சம் கோடியானது. கொரோனா கால இலவச தானியமும் அதில் உண்டு, பழைய கடனும் உண்டு. ஆனால் முந்தைய ஆண்டுகளில் நம் எம்.பி.க்கள் கைதூக்கி நிறைவேற்றிய பட்ஜெட்டில் பாதி உண்மைதானே இருந்தது? அதுதான் என் கோபம்.

இப்போது மாநில அரசு நிறுவனங்கள் வாங்கும் கடனை மாநில பட்ஜெட்டே அடைப்பதாக இருந்தால், 2022-23 முதல் அதை மாநிலத்தின் கடன் வரம்பில் சேர்க்கிறது மத்திய அரசு. கேரளம் இந்தக் கடன் வரம்புப் பிரச்சினையில் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. விதி நியாயமானதுதான், டெல்லி முதலில் தனக்கு அதை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்த பட்ஜெட் வரும்போது மானியத் தொகையோடு நிற்காதீர்கள். பட்ஜெட்டுக்கு வெளியே திரட்டும் நிதி பற்றித் தனி அறிக்கை அந்த ஆவணங்களிலேயே இருக்கிறது. அதைப் படித்தாரா என்று உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள்.