டைமர் (dimer, அடுத்தடுத்த இரண்டு இடங்களைப் பிடிக்கும் இரட்டைத் துகள்) நிரப்பல் 0.907-ஐத் தாண்டி 1 வரை போவது ஏன்?

டைமர்களைப் பரப்பில் ஒட்டிப் பார்க்கும் உங்கள் சிமுலேஷனில் நிரப்பல், அதாவது நிரம்பிய இடங்களின் பங்கு, 1-ஐத் தொடுகிறது என்றால் உங்கள் நிரல் டைமரின் ஒரு பாதியை மட்டும் பரப்பில் விட்டுவிடுகிறது. சதுர லேட்டிஸில் (சதுரக் கட்டங்களாலான பரப்பில்) டைமர்களை ஒவ்வொன்றாக, ஒட்டியபின் நகராதபடி போட்டால் சுமார் 0.9068-இல் நெரிசலாகி நின்றுவிடும். ஒற்றை ஓட்டைகள் மிஞ்சும், ஆனால் அவற்றில் இன்னொரு டைமர் நுழையாது.

பெரும்பாலும் காரணம் இதுதான்: லூப் முதல் இடத்தை 1 ஆக்கிவிட்டு, அப்புறம்தான் பக்கத்து இடம் காலியா என்று பார்க்கிறது. காலியில்லை என்றால் வெளியேறுகிறது. முதல் இடத்தை 0 ஆக்குவதில்லை. அந்த ஒற்றைத் துணுக்குகளால்தான் உங்கள் பெர்கோலேஷன் வாசலும் (நிரம்பிய இடங்கள் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை முதன்முதலாக இணையும் நிரப்பல்) டைமர்களுக்கான 0.562-இல் நிற்காமல், தனித் துகள்களுக்கான 0.593 பக்கம் இழுபட்டு 0.58 என்று வருகிறது.

1. ஒவ்வொரு ஆயிரம் முயற்சிக்கும் ஒருமுறை நிரம்பிய இடங்களை எண்ணுங்கள். அது ஒட்டிய டைமர்களின் எண்ணிக்கையைப் போல் சரியாக இரண்டு மடங்கு இருக்க வேண்டும். ஒற்றைப்படை எண் ஒன்று வந்தாலே பிழை உறுதி.

2. இரண்டு இடங்களையும் முதலில் படியுங்கள், இரண்டும் காலியென்றால் மட்டும் எழுதுங்கள். தோற்றால் திசையை மட்டும் மாற்றி அதே இடத்தில் முயலாதீர்கள். புதிய இடம், புதிய திசை. இல்லாவிட்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும், எண்களும் மாறும்.

சரிசெய்த பிறகும் 64×64 லேட்டிஸில் வாசல் 0.562 துல்லியமாக வராது. பக்க நீளம் 128, 256, 512 என்று ஓட்டி, வாசலை பக்க நீளத்தின் −3/4 அடுக்குக்கு எதிரே வரைந்து, முடிவிலா அளவு வரை கோட்டை நீட்டிப் பாருங்கள். டைமர்கள் பரப்பில் நகரவோ கழலவோ விட்டிருந்தால் இந்த எண்கள் எதுவும் பொருந்தாது.