பி.எஃப். 10 வருடம் முடிவதற்குள் கணவர் இறந்துவிட்டால் மனைவிக்குப் பென்ஷன் உண்டா?

உங்கள் அத்தான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் 3 வருடம் வேலை பார்த்து, வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார், 10 வருடம் ஆகாததால் அக்காவுக்குப் பென்ஷன் கிடையாது என்று சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. கண்டிப்பாகக் கிடைக்கும்.

அந்த 10 வருடக் கணக்கு, உயிரோடு இருக்கும் தொழிலாளி 58 வயதில் வாங்கும் பென்ஷனுக்கானது. வேலையில் இருக்கும்போது இறந்தவருக்கு 1995ஆம் ஆண்டுப் பென்ஷன் திட்டத்தில் ஒரே ஒரு மாதப் பணம் கட்டியிருந்தாலே போதும், குடும்பப் பென்ஷன் உண்டு. கடைமடைக்குத் தண்ணீர் வராத வருடங்களில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பிள்ளைகள் திருப்பூருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். அந்த வீடுகளில் இந்த விதி தெரியாமல் போவது எனக்குப் பெரிய வேதனை.

மனைவிக்கு மாதம் குறைந்தது 1000 ரூபாய். இந்த விலைவாசியில் அது போதவே போதாது, உயர்த்தியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும் ஆயுள் முழுக்க வரும்; மறுமணம் செய்தால் மட்டும் நிற்கும். பிள்ளைகளில் ஒரு நேரத்தில் 2 பேருக்கு, 25 வயது வரை, அம்மாவின் பென்ஷனில் கால் பங்கு தனித்தனியாக உண்டு.

இதைவிடப் பெரிய தொகை ஒன்று இருக்கிறது. அதைப் பலர் கேட்பதே இல்லை. பி.எஃப். உள்ள எல்லோருக்கும் இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடு சேர்ந்தே வருகிறது. அதற்கான பணத்தை முதலாளி மட்டுமே கட்டுவதால் சம்பளச் சீட்டில் தெரியாது. இறப்பதற்கு முன் 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்திருந்தால் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம் குடும்பத்துக்கு வரும்.

பி.எஃப். பணத்துக்குப் படிவம் 20, பென்ஷனுக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐ.எஃப். இப்போது மூன்றையும் ஒரே கூட்டு விண்ணப்பத்தில் கேட்கலாம். இருக்கிற பணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாராவது 10சி படிவத்தை நீட்டினால் அக்கா கையெழுத்துப் போடவே கூடாது. அது வேலையை விட்டவர் பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுப்பதற்கான படிவம்.

இறப்புச் சான்று இறந்த ஊரில் பதிவாகியிருக்கும். திருப்பூரில் இறந்திருந்தால் அங்கேதான், சொந்த ஊர்ப் பஞ்சாயத்தில் தேட வேண்டாம். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் போட்டால் கிராம நிர்வாக அலுவலர், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகத் தாசில்தாரிடம் போகும். அப்புறம் ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று. எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். இனிஷியல் முன்னும் பின்னும் மாறினால்கூட விண்ணப்பம் திரும்பி வரலாம்.

மிக முக்கியமானது, கம்பெனி பதிவு செய்திருக்கும் வேலை விலகிய தேதி. அது இறந்த தேதிக்கு முந்தியதாக இருந்தால், வேலையில் இருக்கும்போது இறந்தார் என்பதே அடிபட்டுப் போகும். விலகிய காரணம் என்ற இடத்திலும் பணியில் மரணம் என்றுதான் இருக்க வேண்டும். தவறாக இருந்தால் விண்ணப்பம் போடும் முன்பே கம்பெனியிடம் திருத்தச் சொல்லுங்கள்.

பென்ஷன் வாங்கத் திருப்பூர் போக வேண்டியதில்லை. 2025 ஜனவரி முதல் நாட்டில் எந்த வங்கிக் கிளையிலும் வாங்கலாம். வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ்ச் சான்று மட்டும் கொடுக்க வேண்டும். தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வைத்து எடுத்துக் கொடுப்பார்.